பாயின் வயிறு: 65 செ.மீ. படகுக்குப் பாய் வெட்டிச் சோதித்த பதிவு

மாதிரிப் பாய்மரப் படகு கட்டுகிறவர்கள் உடலுக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியைக்கூடப் பாய்க்குத் தருவதில்லை. உடலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். கடைசியில் கிடைத்த துணியை முக்கோணமாக வெட்டிக் கட்டிவிட்டு, குளத்தில் விட்டதும் "காத்து பத்தல" என்பார்கள். காற்று பத்தும். பாய்தான் தட்டையாக இருக்கும்.

நான் மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ், வினைல் வேலை செய்கிறவன். படகு என்பது கடை மூடிய பிறகு. இந்தப் பதிவில் உடலைப் பற்றியும் ரிமோட்டைப் பற்றியும் அதிகம் பேசப்போவதில்லை. தெர்மக்கோலை வடிவாக அறுத்து, மேலே ஃபைபர் துணியும் ரெசினும் போட்ட உடல். ரிமோட் சொல்கிறபடி திரும்பும் சின்ன மோட்டார், அதாவது சர்வோ, ஒன்று சுக்கானுக்கு, இன்னொன்று பாய்க் கயிற்றை இழுத்து விட. அடியில் வலைக்குக் கட்டும் ஈயத்தை உருக்கி ஊற்றிய குண்டு. எல்லாம் சேர்ந்து 1 கிலோவுக்குச் சற்று மேல். இதில் பாதி அந்த ஈயம்தான்.

படகு ஆர்ஜி 65 வகை. அர்ஜென்டினாவில் தொடங்கிய வகை இது. உடல் நீளம் 65 செ.மீ., பாய்ப் பரப்பு மொத்தம் 0.225 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் வகை 1 மீட்டர் நீளம், குறைந்தது 4 கிலோ எடை, தண்ணீருக்குள் 42 செ.மீ. வரை இறங்கும். நம் ஊர்க் குளங்களில் அது படித்துறை தாண்டுவதற்குள் சேற்றில் குத்தி நின்றுவிடும். கரையேற்ற நீந்தத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அதனால் 65.

என் கணக்கு இது: பெரிய பாய் முன்விளிம்பு 95 செ.மீ., அடிவிளிம்பு 25 செ.மீ., பின்விளிம்பு வெளியே சற்றுப் பிதுங்கிய வளைவு. அது ஏறத்தாழ 0.14 சதுர மீட்டர். முன்பாய் 80-க்கு 21 செ.மீ. முக்கோணம், 0.084. இரண்டும் சேர்ந்தால் 0.224. விதிக்கு உள்ளேதான்.

இந்தப் பரப்பில் காற்று எவ்வளவு தள்ளும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று, அதாவது அரச இலை சலசலக்கும் அளவு, இந்தப் பாயில் சுமார் 120 கிராம் விசை தரும். காற்று இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. கிட்டத்தட்ட அரைக் கிலோ. 120 கிராமில் நீளாத துணியும் அரைக் கிலோவில் நீளும். நீண்டால் வயிறு, அதாவது பாயின் உப்பல், பெருக்கும். பலத்த காற்றில் பாய் தட்டையாக வேண்டும், ஆனால் மட்டமான துணி சரியாக எதிர்த் திசையில் போய்ப் பானையாக உப்பும். துணித் தேர்வு அவ்வளவும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

துணியை எடை போட ஒரு சுலப வழி உண்டு. ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. கையில் கிடைக்கும் எதையும் ஏ4 அளவுக்கு வெட்டி, பொன் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். கடையில் கிடந்த எல்லாவற்றையும் இப்படி நிறுத்தேன். ஃப்ளெக்ஸ் எடுத்த எடுப்பிலேயே வெளியே. 200 கிராமுக்கு மேல் போகிறது. ஓஎச்பி ஷீட் 100 மைக்ரான், சதுர மீட்டருக்கு 140 கிராம் பக்கம். பாய்மரத்தின் உச்சியில் அவ்வளவு எடை ஏறினால் படகு சாய்ந்தபடியே போகும். 50 மைக்ரான் பாலியஸ்டர் டிராஃப்டிங் ஃபிலிம், கட்டட வரைபடக்காரர்கள் முன்பு வாங்கிக்கொண்டிருந்தது, 70 கிராம். முழுப் பாய்க்கும் 16 கிராம்தான். ஒரு பக்கம் மங்கலாக இருப்பதால் பென்சிலில் கோடு போடலாம், அதுவும் வசதி.

பூங்கொத்து சுற்றும் பளபளத் தாளையும் சிலர் சொல்வார்கள். எடை குறைவு, விலை ஒன்றுமே இல்லை, பார்க்கவும் அழகு. ஆனால் ஓரத்தில் நகம் பட்ட அளவு கீறல் இருந்தால் போதும், அங்கிருந்து நேர்கோடாகக் கிழிந்துகொண்டு போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் படகு செய்து காட்ட அது சரி. அதற்கு மேல் வேண்டாம்.

துணி வகையில் கைக்கு எட்டுவது குடைத் துணியும், பை தைக்கிறவர்கள் பாராசூட் துணி என்று விற்பதும். இதில் நைலான் எது, பாலியஸ்டர் எது என்று தெரிந்து வாங்க வேண்டும். நைலான் ஈரத்தைக் குடிக்கும், ஈரத்தில் நீளும். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்குக் கட்டிய நைலான் பாய் சுருக்கம் விழுந்து தொங்கும், ஒன்பது மணி வெயிலில் தானாக இறுகும். இரண்டு மணி நேரத்தில் ஒரே பாய் இரண்டு பாய். பாலியஸ்டருக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. கடைக்காரருக்கே பல நேரம் வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் பாலியஸ்டர் கரும்புகை விட்டு, கறுப்பாக உருண்டு கெட்டியாகும். நைலான் அவ்வளவு கரும்புகை விடாது.

நீட்சியைப் பார்க்க ஒரு எளிய சோதனை. 5 செ.மீ. அகலம், அரை மீட்டர் நீளத்தில் பட்டைகள் வெட்டிக்கொள்ள வேண்டும். பாவு நூல் (நீளவாட்டு நூல்) போக்கில் ஒன்று, ஊடை (குறுக்கு நூல்) போக்கில் ஒன்று, கோணலாக, மூலைக்கு மூலை ஒன்று. கதவு நிலையில் ஆணி அடித்து மாட்டி, கீழே 1 கிலோ படிக்கல்லைக் கட்டி, அடிநுனிக்கு நேரே சுவரில் பென்சில் கோடு போட்டு, மறுநாள் காலை பார்க்க வேண்டும். பாவு, ஊடைப் பட்டைகள் கோட்டை விட்டு அசையவே இல்லை என்று சொல்லலாம். கோணல் பட்டை கட்டைவிரல் அகலம் இறங்கிவிட்டது. கல்லை அவிழ்த்த பிறகும் முழுக்க மேலே ஏறவில்லை. ஃபிலிமில் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதான், நகரவில்லை.

நெசவுத் துணியில் பாய் வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இதிலிருந்து வருகிறது. பாயில் அதிக இழுவை பின்விளிம்பில்தான், உச்சியிலிருந்து கயிறு கட்டும் மூலை வரை. அந்தக் கோட்டில் நூல் போக்கு நேராக விழ வேண்டும். முன்விளிம்பில் கோணல் வந்தால் பரவாயில்லை, அங்கே பாய்மரம் தாங்கிக்கொள்ளும். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று முன்விளிம்பை ஓரக்கரையோடு வைத்து வெட்டினால், கோணல் போக்கு போய்ப் பின்விளிம்பில் விழும். நாலு தடவை ஓட்டியதும் பின்விளிம்பு நாய்க்காது மாதிரி மடங்கும்.

சரி, வயிறு. பாயைக் குறுக்கே ஓர் உயரத்தில் பார்த்தால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டிலிருந்து பாய் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பது வயிற்றின் ஆழம். குறுக்களவு 19 செ.மீ., ஆழம் 15 மி.மீ. என்றால் 8 சதவீதம். ஆழம் எவ்வளவு என்பது பாதி. அந்த ஆழம் எங்கே விழுகிறது என்பது மறுபாதி. முன்னாலிருந்து 35 முதல் 45 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பெரிய கப்பல் படத்தில் பார்க்கும் உப்பலை அப்படியே சுருக்கி வைத்தால் சின்னப் பாய்க்குச் சரிவராது. 20 செ.மீ. அகலப் பாயில் மெல்லிய காற்று அவ்வளவு வளைவைத் தொடர்ந்து வராது. பின்பக்கம் பாதியிலேயே பிரிந்துபோய்ச் சுழலும். அதனால் 6 முதல் 10 சதவீதம், அதற்குள்தான் விளையாட்டு.

தட்டையான ஃபிலிமில் இந்த வயிறு எப்படி வரும்? மூட்டில் வரும். பாயை நாலு பட்டையாகக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பட்டையின் ஓரத்தை நேராகவும் அதோடு சேரும் ஓரத்தை மெல்லிய வளைவாகவும் வைத்து ஒட்டினால், ஒட்டி முடித்ததும் பாய் மேசையில் படுக்காது. நடுவில் எழும்பி நிற்கும். தையல் தெரிந்தவர்களுக்கு ரவிக்கையில் டாட் பிடிப்பது தெரியும், அதே கணக்கு.

வளைவு எவ்வளவு என்றால் நம்ப முடியாத அளவு சிறிது. 23 செ.மீ. நீள மூட்டில் அதிகபட்சப் பிதுக்கம் 2 மி.மீ. அதுவும் நடுவில் இல்லை, முன்னாலிருந்து 9 செ.மீ. தள்ளி. முனையில் சுழி, கொஞ்சம் தள்ளி 1.2, அப்புறம் 1.8, உச்சம் 2, பிறகு மெதுவாக 1.5, 0.8, சுழி. இந்தப் புள்ளிகளை ஊசி முனையால் குத்தி, மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைப் பக்கவாட்டில் வளைத்து நிறுத்தி, புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். அடியில் கண்ணாடி. பிளேடு நடுவில் நின்று மறுபடி கிளம்பினால் அந்த இடத்தில் ஒரு சிறு பல் விழும்; ஃபிலிமில் கிழிசல் அங்கேதான் பிறக்கும். என்னிடம் கட்டிங் பிளாட்டர் இருப்பதால் பிறகு கணினியில் வரைந்து அதிலேயே வெட்டிக்கொண்டேன். சுத்தமாக வருகிறது. ஆனால் முதல் பாயைக் கையால் வெட்டுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த 2 மி.மீ. என்ன செய்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

மூட்டுகளில் எல்லாம் ஒரே 2 மி.மீ. வைப்பது வேலைக்குச் சுலபம், ஆனால் மேலே போகப் போகக் குறுக்களவு குறையும். உச்சியை ஒட்டிய மூட்டில் 2 மி.மீ. அதிகம். அடி மூட்டுக்கு 2, நடுவுக்கு 1.8, மேலே 1.2 என்று இறக்கினேன். அதோடு பெரிய பாயின் முன்விளிம்பும் நேர்கோடு இல்லை. கயிறுகளை இறுக்கினால் என் பாய்மரம் நடுவில் 4 மி.மீ. முன்பக்கம் வளைகிறது. முன்விளிம்பையும் அதே 4 மி.மீ. பிதுங்க வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் வளைந்த மரம் மூட்டில் வைத்த வயிற்றையெல்லாம் இழுத்துத் தட்டையாக்கிவிடும். மரத்தின் வளைவைவிட அதிகமாகப் பிதுக்கினால் மரத்துக்குப் பின்னாலேயே ஒரு பை தொங்கும். அதனால் முதலில் மரம், கயிறு எல்லாம் கட்டி முடித்து, நூல் பிடித்து வளைவை அளந்த பிறகே பாயில் கை வைக்க வேண்டும்.

ஒட்டுவதற்கு 6 மி.மீ. அகல இரட்டைப் பக்க டேப். ஃபிலிமில் தைக்கக் கூடாது. வரிசையாக விழும் ஊசித் துளை தபால்தலை ஓரத்துக்குச் சமானம். டேப்பிலும் எல்லாம் ஒன்றில்லை. ஒவ்வொரு வகையிலும் இரண்டு பட்டைகளை ஒட்டி, அரைக் கிலோ கட்டி, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் தொங்கவிட்டேன். நிழலில் அசையாத டேப் ஒன்று, சாயங்காலத்துக்குள் 3 மி.மீ. வழுக்கியிருந்தது. மூட்டின் வளைவே 2 மி.மீ. என்னும்போது 3 மி.மீ. வழுக்கினால் என்ன மிஞ்சும்? டெல்டாவின் சித்திரை வெயிலைத் தாங்குவது, நுரை இல்லாத, பசை மட்டுமே இருக்கிற மெல்லிய வகைதான். ஒட்டும் முன் இரண்டு ஓரத்தையும் ஸ்பிரிட்டில் துடைத்து, ஒட்டிய பின் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் கூடுதல் பிடி.

வளைந்த ஓரத்தை நேர் ஓரத்தோடு ஒரே தடவையில் வைத்து அழுத்த முடியாது. முன்முனையில் தொடங்கி, இரண்டு விரல் அகலம் ஒட்டி, பாயைச் சற்றுத் திருப்பி, அடுத்த இரண்டு விரல். டேப்பின் மேல்தாளையும் அந்த அளவுக்கே உரித்துக்கொண்டு போக வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வியர்வைக் கை பட்ட இடத்தில் பசை பிடிக்காது. அதனால் இந்த வேலைக்கு ராத்திரிதான் நல்லது.

மூலைகளுக்கு அதே ஃபிலிமில் விசிறி வடிவத் துண்டுகள், ஒன்றைவிட ஒன்று சிறிதாக, மூன்று அடுக்கு. ஃப்ளெக்ஸுக்கு அடிக்கும் வளையம் இதற்கு மிகப் பெரிது. செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கும் துளைப்பானில் 2 மி.மீ. துளை போட்டாலே போதும், அடுக்கு தாங்குகிறது. பின்விளிம்புப் பிதுக்கம் மடங்காமல் நிற்க ஓஎச்பி ஷீட்டில் வெட்டிய மூன்று குச்சிகள், டேப் போட்டு. முன்பாயின் பின்விளிம்பில் குச்சி இல்லை. அங்கே பிதுக்கத்துக்குப் பதிலாக உள்பக்கம் லேசாகக் குழித்து வெட்டினேன். குச்சியும் இல்லாமல் குழிவும் இல்லாமல் நேராக விட்டால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

கூடவே பாராசூட் துணியிலும் அதே அளவில் ஒரு பாய். அதற்குச் சால்டரிங் அயர்னால் கண்ணாடி மேல் வெட்டினால் ஓரம் உருகி, நூல் பிரியாமல் அடங்கிவிடும். மூட்டுக்கு டேப் ஒட்டி, மேலே ஜிக்ஜாக் தையல். எங்கள் தெருத் தையல்கார அண்ணன் 2 மி.மீ. வளைவைப் பார்த்துவிட்டு, "இது வெட்டினப்ப கை நடுங்கிருக்கு போல, நேராக்கிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கினேன்.

சோதனைக்கு வருவோம். ஸ்டாண்டு ஃபேன் முன்னால் நிறுத்திப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். ஃபேன் காற்று முறுக்கிக்கொண்டு வரும். பாயின் மேல்பாதிக்கு ஒரு திசை, கீழ்ப்பாதிக்கு வேறு திசை. பின்விளிம்பு அடித்துக்கொள்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். ஃபேனுக்கு முன்னால் குளிர்பான உறிஞ்சுகுழல்களை நெருக்கமாக அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தால் முறுக்கு ஓரளவு போகும். இருந்தாலும் வயிற்றை அளக்க அது போதாது.

சீரான காற்றில் சோதிக்க மொபெட்தான் நல்ல காற்றுக் குகை. விடியற்காலை, பாமணி ஆற்றங்கரைச் சாலையில் இலை அசையாத நேரம். மச்சான் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து பாய்மரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மரத்தின் அடியில் செல்போனை மேல்நோக்கிக் கட்டியிருந்தது. மணிக்கு 15 கி.மீ. என்றால் நொடிக்கு 4 மீட்டர் சொச்சம். வேகத்தை மொபெட் முள்ளை நம்பாமல் இன்னொரு போனின் ஜிபிஎஸ்ஸில் பார்த்தோம். பாயில் கால், அரை, முக்கால் உயரங்களில் கறுப்பு வினைல் பட்டை குறுக்கே ஒட்டியிருந்ததால், கீழிருந்து எடுத்த படத்தில் மூன்று வளைவுகள் தெளிவாக விழுந்தன. படத்தில் நேர்கோடு போட்டு, நீளத்தையும் ஆழத்தையும் ஸ்கேலால் அளந்து வகுத்தால் சதவீதம் வந்துவிடும். நிஜ அளவு தேவையே இல்லை. பால் கறக்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள் என்பதைத் தவிர இதில் சிரமம் இல்லை.

ஃபிலிம் பாயில் நடு உயரத்தில் 8 சதவீதம், முன்னாலிருந்து 40 சதவீதத்தில். நினைத்த இடம். வேகத்தைக் கூட்டினாலும் அந்த இடம் மாறவில்லை. துணிப் பாய் 15 கி.மீ.யில் 9 சதவீதம். 25-ல் 12-க்குப் பக்கம், அதோடு ஆழம் பாதியைத் தாண்டிப் பின்னால் நகர்ந்துவிட்டது.

பின்னால் நகர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்பதை எனக்குப் புரியவைத்தவர் வேதாரண்யம் பக்கம் ஆறுகாட்டுத்துறையில் ஒரு பெரியவர். என்ஜின் வருமுன் காடாத் துணிப் பாய் கட்டிக் கடலுக்குப் போனவர். மாதிரிப் படகைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. ஆனால் பாயைக் கையில் வாங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கொண்டல் காற்றுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடியில் குனிந்து மேலே பார்த்தார்.

"இது முன்னால வாங்குது தம்பி, நல்லாருக்கு. இன்னொண்ணு காட்டு."

துணிப் பாயைக் கொடுத்தேன். அதே மாதிரி தூக்கிப் பார்த்தார்.

"இது பின்னால வாங்குது. பின்னால வாங்குற பாயி படகைப் பக்கவாட்டுலதான் தள்ளும். சாயும், ஓடாது. காத்து பலத்தா தாமானை விட்டுக்கிட்டேதான் இருக்கணும்."

"தைக்கும்போது சரியாத்தான் இருந்துச்சுய்யா."

"தைக்கும்போது எல்லாப் பாயும் சரியாத்தான் இருக்கும்."

தாமான் என்றால் பாயை இழுத்து விடும் கயிறு. அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாயின் ஒவ்வொரு இடத்திலும் காற்றின் விசை அந்த இடத்துக்குச் செங்குத்தாக விழுகிறது. முன்பாதி முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கே விழும் விசையில் ஒரு பங்கு படகை முன்னே இழுக்கும். பின்பாதி அப்படி இல்லை. அங்கே விழுவது பெரும்பாலும் சாய்க்கத்தான். ஆழம் பின்னால் போகப் போக இழுப்பு குறைந்து சாய்ப்பு கூடும்.

கடைசிச் சோதனை தண்ணீரில். இங்கே படகு விட ஒரு பருவம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக் குளங்களில் தண்ணீர் ஏற ஆடி ஆகிவிடும். அதே ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கச்சான் என்னும் மேற்குக் காற்று நாள் முழுக்க அடிக்கும். குளம் நிரம்பும்போது காற்று அதிகம். காற்று அடங்கும் மார்கழி, தையில் வெங்காயத் தாமரை குளத்தை மூடியிருக்கும். அதன் வேர் கீலில், அதாவது படகின் அடியில் ஈயக் குண்டைத் தாங்கி இறங்கும் தகட்டில், சுற்றினால் எந்தப் பாயும் இழுக்காது. ஹரித்ரா நதி மாதிரி பெரிய கோயில் தெப்பக்குளங்கள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் மதில், கட்டடம், காற்று நாலு பக்கமும் முட்டிச் சுழலும். தவிர அது சாமி குளம். நாங்கள் விடுவது ஊருக்கு மேற்கே வயல் நடுவில் இருக்கும் ஒரு குளத்தில். மேற்குக் கரையில் முன்பு தென்னை வரிசை இருந்தது. 2018 நவம்பரில் கஜா அதை வேரோடு சாய்த்தது. தோப்பு வைத்திருந்தவருக்குப் போனது போனதுதான். காற்று மட்டும் இப்போது தடையில்லாமல் வருகிறது.

கடிகாரம் வைத்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எத்தனை நொடி என்று அளப்பதை நான் விட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு ஓட்டம் காற்று மாறுகிறது. பாய் நன்றாக இருந்ததா, அந்த நிமிஷம் காற்று நன்றாக இருந்ததா என்று தெரியாது. ஒரே அச்சில் எடுத்த இரண்டு உடல், இரண்டிலும் ஒரே எடை, இரண்டு பாய், ஒரே நேரம், ஐந்தாறு அடி இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில், காற்றை எதிர்த்து. அதுதான் சோதனை. கொஞ்சம் ஓட்டியதும் பாய்களை உடல் மாற்றிக் கட்டி மறுபடி ஓட்ட வேண்டும். முன்னே போனது பாயோடு போனால் பாய் நல்லது. உடலோடு தங்கினால் உடல் நல்லது. ஓட்டுகிறவர்களும் ரிமோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மச்சான் லேசில் ஒப்பவில்லை. தான் ஓட்டும் படகு முந்துவது தன் கைத்திறமையால்தான் என்று அவர் திடமாக நம்பினார்.

பாயின் இரு பக்கமும் பழைய கேசட் நாடாவை விரல் நீளத்துக்கு வெட்டி ஒட்டியிருந்தோம், முன்விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி. கம்பளி நூல் ஈரமானால் பாயோடு ஒட்டிக்கொள்ளும், நாடா சீக்கிரம் விடுபடும். இரு பக்க நாடாவும் பின்னோக்கி நேராகப் பறந்தால் கயிறு சரியான அளவில் இருக்கிறது. காற்று ஒதுங்கும் பக்கத்து நாடா துள்ளினால் அதிகம் இழுத்திருக்கிறோம், விட வேண்டும். காற்றுப் பக்கத்து நாடா துள்ளினால் இழுக்க வேண்டும். கரையிலிருந்து 30 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் குத்துமதிப்புதான்.

மெல்லிய காற்றில் இரண்டு பாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சில ஓட்டங்களில் துணிப் பாயே முந்தியது. அதன் மிச்ச வயிறு அங்கே உதவுகிறது. தண்ணீரில் வெண்நுரை தெரியத் தொடங்கியதும் கதை மாறியது. துணிப் பாய்ப் படகு ஓரம் தண்ணீரில் முங்க முங்கச் சாய்ந்து, பக்கவாட்டில் நழுவியது. ஃபிலிம் பாய் குளத்தைக் கடப்பதற்குள் நாலைந்து படகு நீளம் காற்று வரும் பக்கமாக முன்னேறிவிட்டது. உடல் மாற்றிக் கட்டியும் அதேதான். ரிமோட் மாற்றியும் அதேதான். மச்சான் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

பாயின் முறுக்கலும் கவனிக்க வேண்டியது. தண்ணீரை ஒட்டிக் காற்று மந்தமாகவும் மேலே வேகமாகவும் இருக்கும். ஓடும் படகுக்கு மேல்காற்று சற்றுப் பக்கவாட்டிலிருந்து வருவதாகப் படும், கீழ்க்காற்று இன்னும் முன்னாலிருந்து. அதனால் பாயின் உச்சி, அடியைவிடக் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் அடிக்கழியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றை இறுக்கினால் முறுக்கல் குறையும், தளர்த்தினால் கூடும். என் படகில் பின்விளிம்பின் மேல்குச்சி அடிக்கழியைவிட 3 செ.மீ. வெளியே திறந்திருந்தால் நடுத்தரக் காற்றுக்குச் சரியாக இருக்கிறது. பலத்த காற்றில் 5 வரை விட்டால் உச்சி காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும்.

இப்போது வைத்திருப்பது மூன்று ஜோடி. நடுத்தரக் காற்றுக்கு மேலே சொன்ன ஃபிலிம் பாய். மார்கழி, தைக்கு அதே அளவில், மூட்டு வளைவை 2.5 மி.மீ. ஆக்கிய இன்னொன்று, அதற்கு 36 மைக்ரான் ஃபிலிம் கிடைத்தது, சதுர மீட்டருக்கு 50 கிராம்தான். ஆடிக் கச்சானுக்குக் குட்டைப் பாய்மரமும் அதற்கேற்ற சின்னப் பாயும், மூட்டு வளைவு 1.2, வயிறு 6 சதவீதம். பாராசூட் துணிப் பாயைத் தூக்கிப் போடவில்லை. மச்சான் வீட்டுப் பையன் படகு விடக் கற்றுக்கொள்கிறான். கருவேல முள்ளில் மாட்டினாலும் ஃபிலிம் மாதிரி கிழியாமல் துணி தாங்கும்.

பாய்களை மடிக்கக் கூடாது. மடிப்புத் தழும்பு ஃபிலிமில் போகவே போகாது. 4 அங்குல பிவிசி பைப்பில் சுருட்டிப் போட்டு மூடி வைத்திருக்கிறேன், பைப்பின் மேல் எந்தக் காற்றுக்கு எது என்று வினைல் எழுத்து ஒட்டி. முன்பாயின் முன்விளிம்பில் இன்னும் தங்கூசி என்னும் தூண்டில் நரம்புதான் இருக்கிறது. அது நீளும், பலத்த காற்றில் முன்பாய் தொய்ந்து, வயிறு கூடிவிடுகிறது. நாகப்பட்டினத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் நீளாத பின்னல் நூல் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்ததும் முன்பாயை மட்டும் அவிழ்த்துக் கட்டி, மறுபடி இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்.